பிரின்ட் வரிசையில் ஒரு பெயர்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரைப் பேப்பர்காரர் என்றுதான் சொல்வோம். புதிதாகச் சேருகிற நர்ஸ்கள், காலையில் செய்தித்தாள் போடுகிற ஆள் என்று நினைத்துக் கொஞ்ச நாள் ஏமாறுவார்கள். அவர் வேலை வேறு. எல்லா மாடியிலும் இருக்கிற பிரின்டர்கள் ஒரே ஒரு சர்வர் சொல்படிதான் காகிதத்தை வெளியே தள்ளும். அந்தச் சர்வரும் பிரின்டர்களும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய பிழைப்பு.

நான் தரைத்தளத்தில் ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னலில் உட்காருகிறவள். என் முதுகுக்குப் பின்னால்தான் பெரிய பிரின்டர். அது நின்றால் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அத்தனை பேர் வாயிலும் நான்தான் விழவேண்டும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், மறைத்தும் பழக்கமில்லை. இந்த மனிதரை நான் திட்டியிருக்கிற அளவுக்கு அவர் மனைவிகூடத் திட்டியிருக்கமாட்டார். அந்தம்மா குழந்தைகள் பள்ளிக்கூடத்து டீச்சர், ரொம்பப் பொறுமைசாலி. "ஆஸ்பத்திரி பிரின்டருக்கெல்லாம் வைத்தியம் பாக்கறாரு, வீட்டுப் பிரின்டர் போன வருஷத்திலிருந்து படுத்த படுக்கையா கிடக்கு" என்று என்னிடம் சொன்னதோடு சரி.

ஜெராக்ஸ் மெஷின் விற்கிற கம்பெனியில் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுகிற வேலையில் ஆரம்பித்தவர் அவர். தூக்கியதைத் திறந்து பார்க்கிற ஆசை வந்து, திறந்ததை மூடத் தெரிந்து, அப்புறம் கேபிள், நெட்வொர்க் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார். நடை மெதுவாக இருக்கும். எரிகிற வீட்டுக்குக் கூப்பிட்டாலும் அதே நடைதான். வந்தவுடன் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்பார்.

"எத்தனை தடவை அழுத்தினீங்க?"

"ஒரே தடவைதான் சார்."

அது பச்சைப்பொய் என்று அவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். காகிதம் வரவில்லையென்றால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. மறுபடி அழுத்துவான், இன்னும் பலமாக அழுத்துவான். அத்தனையும் சர்வரில் போய் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். முதலில் நிற்பது நகரவில்லையென்றால் பின்னால் நிற்பது எதுவும் நகராது. பேப்பர்காரர் அந்தப் பொய்க்காக யாரையும் கடிந்துகொண்டதில்லை. நான்தான் அவருக்கும் சேர்த்துக் கத்துவேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வரிசையைத் திரையில் திறந்தால் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு வரி இருக்கும். நோயாளியின் பெயர், அவருடைய அப்பா பெயர், என்ன பரிசோதனை, எந்த அறையிலிருந்து வந்தது, எவ்வளவு பெரியது, அச்சாகிறதா காத்திருக்கிறதா என்று எல்லாம் அதில் வரும். யாருக்குக் குழந்தை உண்டாகியிருக்கிறது, யாருக்குக் கிட்னி போய்விட்டது என்பதை அந்தத் திரை முன்னால் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம். இவர் சர்வர் அறையில் உட்கார்ந்தவுடன் முதல் காரியமாகப் பெயரும் பரிசோதனையும் வருகிற பத்தியை மௌஸால் பிடித்து இழுத்து, ஒரு கோடு அளவுக்கு நசுக்கி மூடிவிடுவார். எவ்வளவு பெரியது, எங்கே நிற்கிறது, அது போதும் அவருக்கு. ஒருமுறை கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் வேடிக்கையாக எட்டிப் பார்த்தபோது உள்ளங்கையால் திரையையே மறைத்துவிட்டார்.

ஏன் இவ்வளவு பத்திரம் என்று நான் கேட்டதற்கு, "தெரிஞ்சா என் வாய் சும்மா இருக்காதுக்கா" என்றார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருக்கிற ஆள் இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

அந்த நாள் காலையிலிருந்தே பிரின்டர் மந்தமாக இருந்தது. ஒரு காகிதம் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பிறகு அதுவும் நின்றது. ஜன்னலுக்கு வெளியே கூட்டம் நெருக்கியடித்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து என் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். உள்ளே ஒருவருக்கு ரத்தம் ஏற்றவேண்டும். எந்த ரத்தம் பொருந்தும் என்ற காகிதம் வராமல் ரத்த வங்கியில் பையைக் கொடுக்கமாட்டார்கள்.

பேப்பர்காரர் அதே நடையில் வந்தார். அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பிரின்டரின் விளக்கு பச்சையாக எரிந்தது. சர்வரோ பிரின்டர் இணைப்பில் இல்லை என்றது. "மெஷின் உயிரோடதான் இருக்கு. சர்வர் அடிக்கடி நலம் விசாரிக்கும். பதில் கொஞ்சம் லேட்டானா செத்துப்போச்சுன்னு எழுதிடும்" என்றார். அந்த விசாரிப்பை நிறுத்திவைத்துப் பார்த்தார், பயனில்லை. என் கம்ப்யூட்டரிலிருந்து பிரின்டரின் முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தார். உடனுக்குடன் பதில் வந்தது. கேபிளைப் பிடுங்கி மாட்டினார். கேபிளும் நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப வரிசையிலதான் எதோ அடைச்சிருக்கு" என்றார். வழக்கமாக இதைப் பார்க்க அடித்தளத்தில் இருக்கிற சர்வர் அறைக்குப் போவார். நர்ஸ் நின்ற கோலத்தைப் பார்த்து, "உங்க இடத்திலேயே பாத்துடறேன், கொஞ்சம் எழுந்திருங்கக்கா" என்றார்.

என் கம்ப்யூட்டரில் எந்தப் பத்தியையும் யாரும் நசுக்கி வைக்கவில்லை. வரிசை திறந்ததும் பெயர்தான் முதலில், பெரிதாக வந்தது. தலையில் ஒரு காகிதம், அச்சாகிறது, அச்சாகிறது என்று சொல்லிக்கொண்டே அசையாமல் கிடந்தது. அதன் அளவு மற்றதையெல்லாம்விடப் பல மடங்கு. அதற்குக் கீழேயும் அதே பெயர், அதற்கும் கீழே அதே பெயர். யாரோ அழுத்து அழுத்தென்று அழுத்தியிருக்கிறார்கள். அறை என்ற இடத்தில், சதைத் துண்டை வெட்டிப் பார்க்கிற பரிசோதனைக்கூடத்தின் பெயர் இருந்தது. அங்கிருந்து எந்த மாதிரிச் செய்திகள் வரும் என்பது இங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும்.

அவர் கை மௌஸின் மேலேயே நின்றுவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டீங்க?" என்றேன்.

"எங்க அண்ணன்" என்றார்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவருக்கு ஒரு அண்ணன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சர்வரில் ஒவ்வொரு காகிதமும் அச்சாகிற வரைக்கும் ஒரு கோப்பாகக் காத்திருக்கும். அதைத் திறந்து பார்க்கிற அனுமதி இந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் உண்டு. நான் குரலைத் தாழ்த்தி, "திறந்து பாத்துடுங்க. கூடப்பிறந்தவர்தானே, யாரு என்ன சொல்லப் போறா?" என்றேன். நானாக இருந்தால் யோசித்திருக்கக்கூட மாட்டேன்.

"வேணாங்க்கா."

"சார், தியேட்டர்ல காத்திருக்காங்க" என்றாள் நர்ஸ். அவளுக்கு அழுகையே வந்துவிடும்போலிருந்தது.

அவர் அண்ணன் பெயரைத் தொட்டு, நீக்கு என்று கட்டளை கொடுத்தார். நீக்குகிறேன் என்று சொல்லிவிட்டு அது அப்படியே இருந்தது. இப்படி அடம்பிடிப்பதைப் போக்க ஒரு வழிதான் இருக்கிறது. சர்வரில் அச்சு வேலையையே நிறுத்திவிட்டு, காத்திருக்கும் கோப்புகளை அழித்துவிட்டு, மறுபடி ஓடவிட வேண்டும். அவசரக்காரர்கள் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ரத்தக் காகிதமும் போய்விடும். இவர் அளவைப் பார்த்துப் பார்த்து அண்ணனுடையதை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அழித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

பின்னால் பிரின்டர் ஒரு இருமல் இருமி ஓட ஆரம்பித்தது. ரத்தக் காகிதம் வந்ததும் நர்ஸ் அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

அண்ணனோடு என்ன தகராறு என்பதை அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் சொன்னார். அவர்களுடைய அம்மாவுக்கும் இப்படிச் சதையை வெட்டிப் பார்த்துத்தான் புற்றுநோய் என்று சொன்னார்களாம். அண்ணன் வீட்டில் எல்லார் வாயையும் கட்டிவைத்திருந்தாராம். வெறும் வயிற்றுப்புண், மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும் என்றுதான் அம்மாவிடம் சொல்லவேண்டும். லாரி ஓட்டுகிற அண்ணன், ஒவ்வொரு லோடு முடிந்து வரும்போதும் சிரித்த முகத்தோடு அம்மா கட்டிலில் உட்கார்ந்து, அடுத்த மாதம் எழுந்து ஓடிவிடுவாய் என்று கதை அளப்பாராம். ஒரு மத்தியானம் அம்மா சின்னவரைத் தனியாகப் பிடித்து, எனக்கு என்னடா என்று கேட்டிருக்கிறாள். இவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்து, வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். சின்னவர் சொல்லி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று, வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் வாய்தவறிச் சொல்ல, எடுத்துப்போகிற நேரத்தில், சொந்தபந்தம் அத்தனைக்கும் முன்னால் அண்ணன் கத்தியிருக்கிறார்.

"'அவளைக் கொன்னது நோய் இல்லடா, உன் வாய்'னாரு. அதோட சரி. பேச்சுவார்த்தையே இல்ல."

"நீங்க பதிலுக்கு ஒண்ணும் கேக்கலையா?"

"இல்லக்கா" என்று எழுந்துகொண்டார்.

அழித்த ரிப்போர்ட்டை மறுபடி அனுப்பினால் மறுபடி அடைத்துக்கொள்ளும். அதற்கு வழிசெய்யப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனார். அங்கே நடந்ததை அந்த டாக்டரம்மா எனக்குப் பிறகு சொன்னார். மைக்ராஸ்கோப்புக்குப் புதிதாகக் கேமரா வாங்கியிருந்தார்கள். அது எடுத்த படங்களை அப்படியே முழு அளவில் ரிப்போர்ட்டில் ஒட்டி அனுப்பியதில், அதை மென்று விழுங்க முடியாமல் சர்வர் திணறியிருக்கிறது. பேப்பர்காரர் உள்ளே போனபோது அண்ணனின் ரிப்போர்ட் திரையில் திறந்தே இருந்தது. இவர் வாசலிலேயே நின்று, "அதை மூடிடுங்க டாக்டர், அப்புறம் வரேன்" என்றாராம். நீங்கள்தானே, பரவாயில்லை என்று டாக்டரம்மா சொல்லியும் நகரவில்லையாம். மூடிய பிறகு வந்து உட்கார்ந்து, படத்தைச் சின்னதாக்கி ஒட்டுகிற முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, படம் உள்ள ரிப்போர்ட்டுகளுக்கென்று சர்வரில் தனி வரிசை ஒன்றை உண்டாக்கினார். இனிமேல் ஒரு படம் சிக்கிக்கொண்டாலும் மற்றவர்கள் காகிதம் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

அவர் கீழே வருவதற்குள் நான் கூட்டத்தில் அண்ணனைக் கண்டுபிடித்துவிட்டேன். விரிந்து நிற்கிற அதே காதுகள். தடித்த ஆள், முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். பேப்பர்காரரும் பார்த்துவிட்டார். பார்த்ததும் குற்றம் செய்தவர் மாதிரி பிரின்டருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

தனி வரிசையில் முதல் காகிதமாக அந்த ரிப்போர்ட் வந்தது. சரிசெய்த பிறகு முதல் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து மை பரவியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். அன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எடுத்து மடித்துக் கவரில் போடுவது என் வேலை. எந்த வரியைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு வருஷக்கணக்கில் பழக்கம். பார்த்தேன். நிமிர்ந்தால் அவர் திரும்பி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் முகத்தைப் பாக்காதீங்க" என்று சீறினேன். "காகிதத்தைப் பாக்கமாட்டாராம், என் மூஞ்சியில படிப்பாராம். அந்தப் பக்கம் திரும்புங்க."

பாவம், திரும்பிக்கொண்டார். கத்தியது கோபத்தில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த மாதிரிக் காகிதங்களை ஜன்னல் வழியாக நீட்டுவது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. டாக்டர் எதிரில் உட்காரவைத்துச் சொல்லவேண்டியதை, மருந்துச்சீட்டு மாதிரி நான் கையில் திணிக்கவேண்டியிருக்கிறது. பெயரைக் கூப்பிட்டேன். அண்ணன் எழுந்து வந்தார்.

"கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லம்மா" என்றவர், கவரை வாங்கும்போது எனக்குப் பின்னால் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தார். கவரைப் பிரிக்கவில்லை.

பேப்பர்காரர் அவசர அவசரமாகப் பிரின்டர் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார்.

"நல்லா ஓடற மெஷினை எதுக்குக் கழட்டறீங்க? போய்ப் பக்கத்துல உக்காருங்க."

"என்னைப் பாத்தா அம்மா ஞாபகம்தான் வரும் அவருக்கு. கெட்ட சேதி கொண்டு வந்துட்டான்னு நினைப்பாரு. நான் போறதுக்கு இல்லக்கா."

எனக்கு இரண்டு பேரையும் சேர்த்துவைத்து நாலு சாத்து சாத்தலாம்போல இருந்தது. மத்தியானம் ஆனதும் ஜன்னலில் கூட்டம் கரைந்துவிட்டது. ஒருவர் பிரிக்காத கவரோடும், இன்னொருவர் பழுதில்லாத மெஷினோடும் இருந்தார்கள். நான் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அண்ணன்தான் எழுந்து வந்தார். என் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, வெளியாட்கள் வரக்கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்க்காமலே உள்ளே வந்துவிட்டார். நானும் தடுக்கவில்லை. கவரைத் தம்பி முன்னால் நீட்டினார்.

"நீ இங்கதான் இருக்கேன்னு தெரிஞ்சுதான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன்" என்றார். "வீட்டுல உங்க அண்ணி, பசங்க எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே சிரிக்கிறாங்க. எங்கிட்ட ஒருத்தரும் உண்மையைச் சொல்லமாட்டேங்கறாங்க. நீ அம்மாகிட்டச் சொன்னியே, அப்படிச் சொல்லு."

பேப்பர்காரர் கையிலிருந்த பிரின்டர் கரியைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். கவரைப் பிரித்து ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்ததும் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"உக்காருண்ணே" என்று என் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எழுதியிருந்ததைச் சொன்னார், எழுதாததைத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, எதையும் பூசி மெழுகவில்லை. அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார், யாரோ மூன்றாம் மனுஷன் விஷயத்தைக் கேட்கிற மாதிரி. முடிந்ததும் வேறெதையோ கேட்டார்.

"அன்னிக்கு நீ சொன்னதும் அம்மா என்னடா சொன்னா?"

பேப்பர்காரர் ரிப்போர்ட்டை மடித்து மறுபடி கவரில் போட்டார்.

"எத்தனை தடவை யோசிச்சிருக்கேன் தெரியுமா? கேக்கத்தான் வாய் வரல. சொல்லு."

"உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிக்கிட்டாண்ணே."

"நானும் கிளம்பப் போற ஆளுதான்டா. சொல்லு."

"'எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு பெரியவனுக்குக் காட்டிக்காதே'ன்னா. 'அவன் வந்து சிரிச்சுப் பேசட்டும், நானும் நம்பறமாதிரியே கேட்டுக்கறேன். என்னை ஏமாத்தறோம்னு நினைச்சுத்தான் அவன் தைரியமா இருக்கான், அதையும் பிடுங்கிட்டா அவன் தாங்கமாட்டான்'ன்னா."

தன் நோயைக் கேட்டபோது கலங்காமல் இருந்த மனிதர், தம்பியின் கரி படிந்த சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதில் முகத்தை வைத்து அழுதார். ஜன்னலில் யாரோ வந்து ரிப்போர்ட் கேட்டார்கள். பிரின்டர் பழுது, அப்புறம் வாங்க என்று சொல்லி ஜன்னலை மூடினேன்.